டைம் கீப்பரின் கை

கை இறங்கிவிட்டால் பாட்டு முடிந்தது. அதற்குப் பிறகும் யாருடைய தொண்டையாவது சத்தம் போட்டால், காதில் செருகிய பென்சிலை எடுத்து மேசையில் தட்டுவார். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது சபையின் பாடகர் குழுவுக்குத் தலைவர். விசில் ஊதினால் வண்டி கிளம்பியாக வேண்டும், ஓடி வருகிறவனுக்காக நிற்கக்கூடாது என்பது அவர் சட்டம். பிரசங்கம் நீண்டால் பாஸ்டருக்கே கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டுவார். ஊரில் எல்லோருக்கும் அவர் டைம் கீப்பர்தான். கோபம் வந்தால் மனைவிக்கும்.

இப்படிப்பட்டவர் தலையில்தான் பாஸ்டர் அந்த ஏற்பாட்டைக் கட்டினார். கட்டட வேலைக்கு வந்த வேற்று மொழிக்காரர்கள் மதியத்தில் தனியாக ஆராதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். இனி காலையில் எல்லோரும் ஒன்றாக. பாடகர் குழுவும் ஒன்றே. நம் பாட்டு ஒன்று, அவர்கள் பாட்டு ஒன்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பாட ஆரம்பித்தபோதுதான் வந்தது வினை. கை இறங்கும், நம் ஆட்கள் பட்டென்று நிறுத்துவார்கள், அவர்களோ கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார்கள்.

“பாட்டு முடிஞ்சு போச்சுப்பா! இன்னும் என்னத்த இழுக்கறீங்க? கிணத்துல வாளியா இழுக்கறீங்க?”

சிரிப்பார்கள். அடுத்த முறையும் இழுப்பார்கள். சனிக்கிழமை ஒத்திகையில் மனிதருக்குப் பொறுமை போய்விட்டது. “ஒழுங்கா நிறுத்தத் தெரியலைன்னா தனியாவே பாடிக்கோங்க” என்று கத்திவிட்டார்.

அவர்களில் மூத்த கொத்தனார் தமிழைத் தேடித்தேடிப் பேசினார். “சரிங்க ஐயா. நாளைக்கு மட்டும் வர்றோம். அப்புறம் எங்க தகர ஷெட்லயே ஜெபம் வெச்சுக்கறோம்.” பிறகு பின்வரிசையில் நின்ற ஒரு கிழவரைக் காட்டினார். சிமென்ட் தூசியில் நெஞ்சு கெட்டவர். மூச்சு வாங்கி வாங்கிப் பாடி, எப்போதும் எல்லோருக்கும் பின்னால்தான் வந்து சேர்வார். “எங்க பழக்கம் இது. அவர் வர்ற வரைக்கும் விடமாட்டோம். ஒருத்தரைத் தனியா முடிக்க விட்டா பாவம்.”

டைம் கீப்பருக்கு எரிச்சல் இரண்டு மடங்கானது. காரணமில்லாமல் இழுத்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருக்கலாமே!

“இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று வீடு வரை புலம்பினார்.

“நீங்க கேட்டீங்களா?” என்றார் மனைவி. “ஏறாதவங்களை விட்டுட்டுப் போறதுக்கு அது என்ன உங்க பஸ்ஸா?”

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை பேர் தன் வாயால் ஷெட்டுக்குத் திரும்பப் போகிறார்கள் என்பது உறுத்தியது. கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. அந்த வாய் திட்ட மட்டுமே பழகியது.

மறுநாள் ஆராதனையில் அவர்கள் பாட்டு கடைசி வரிக்கு வந்தது. நிறுத்தத் தயாராக நம் ஆட்கள் அவர் கையைப் பார்த்தார்கள். கை மேலேயே நின்றது. முகம் வழக்கம்போல் கடுகடுவென்றுதான் இருந்தது. கண் மட்டும் பின்வரிசையில். நம் பெண்கள் மூச்சு முட்டி ஒருவரையொருவர் பார்த்தார்கள், வேறு வழியில்லாமல் அவர்களும் இழுத்தார்கள். கொத்தனார் திரும்பிப் பார்த்தார். கிழவர் ஒருமுறை இருமினார், மூச்சை இழுத்தார், விட்ட இடத்திலிருந்து மெல்லப் பாடி வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகுதான் டைம் கீப்பர் கையை இறக்கினார்.