ஓடிஸ் எந்த மாநிலத்தில் செத்தான்

வெர்லீன் என் அடுத்த வீட்டுக்காரி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவள் வாய்க்கு யாரும் பூட்டுப் போட்டதில்லை. புருஷன் ஓடிஸ் செத்த பிறகுதான் அது ஓய்ந்தது.

நாங்கள் அலபாமாவில் உட்கார்ந்து ஜார்ஜியாவில் மீன் பிடிக்கிறவர்கள். இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் ஓடினாலும் சாட்டஹூச்சி ஆறு முழுக்க ஜார்ஜியாவுடையது. எங்கள் பக்கக் கரையில் தண்ணீர் ஊறிக் கறை படிந்த கோடு வரை அவர்கள் எல்லை. மரம் அறுக்கும் மில் அந்தக் கரையில் 'இங்கே நிற்காதே' என்று பலகை வைத்திருந்தது. அதற்கு அடியிலேயேதான் ஓடிஸ் நாற்காலி போடுவான், வீம்புக்காரன். வெர்லீன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு சனிக்கிழமை மில்லில் கட்டை இழுக்கும் இரும்பு வடம் அறுந்து அவனை அடித்தது. ஆற்றில் பிணமாகக் கிடைத்தான். பார்த்தவர் யாருமில்லை.

வெர்லீன் மில் மேல் வழக்குப் போட்டாள். அடிபட்ட இடத்தின் சட்டம்தான் செல்லும் என்றார் வக்கீல். அலபாமா என்றால், செத்தவன் மேல் துளி தப்பிருந்தாலும் வழக்கு தீர்ந்தது. ஜார்ஜியா என்றால், அவன் தப்பைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு மில் பதில் சொல்லியாக வேண்டும். நாற்காலியிலேயே அடிபட்டு ஆற்றில் உருண்டான் என்றது மில். நாற்காலி இருந்தது கரைமேல், கோட்டுக்கு இந்தப் பக்கம், அலபாமாவில்.

நீதிபதி நேரில் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், வெர்லீன் நாற்காலியை எடுத்துத் தண்ணீரில் வைத்தாள். நானும் அதைத்தான் செய்திருப்பேன். காலையில் அது பழைய இடத்திலேயே, காய்ந்துபோய் நின்றது.

"நீதான தூக்கி வச்ச?" என்று என்மேல் பாய்ந்தாள்.

"எனக்கு வேற பொழப்பு இல்லையா? மில்காரன் வேலையா இருக்கும்டி."

மறுநாள் அதைத் தண்ணீரில் இருந்த சைப்ரஸ் மரத்து வேரோடு சங்கிலி போட்டுப் பூட்டினாள். காலையில் பூட்டும் சங்கிலியும் வேரிலேயே இருந்தன. நாற்காலி மட்டும் மேலே.  எனக்குக் கோபம்தான் வந்தது.

"செத்தும் உன் புருஷன் மில்காரனுக்கு சாட்சி சொல்றான் பாரு!"

அவள் சிரிக்கவில்லை. "அந்த மனுஷனுக்குப் பொய் வராது ஜூனி. அங்கதான் இருந்திருக்கான். அசந்து தூங்கறப்ப அடிச்சிருக்கும், வலியே தெரிஞ்சிருக்காது. பசங்ககிட்டயும் அப்படித்தான சொல்லி வச்சிருக்கேன்."

அன்று மாலையே கோர்ட்டிலிருந்து அங்கே காவலுக்கு ஆள் போட்டார்கள். மறுநாள் நீதிபதி வந்தபோது நாற்காலியிலிருந்து ஆற்றுக்குள் வெறுங்கால் தடங்கள் இறங்கியிருந்தன. சேறு இன்னும் ஈரமாக இருந்தது. இடது கால் தடத்தில் சுண்டுவிரல் இல்லை. ஓடிஸுக்கும் கிடையாது, எப்போதோ மரம் அறுக்கிற ரம்பத்தில் போனது. எல்லைக் கோட்டைத் தாண்டித் தண்ணீருக்குள் போன தடம் திரும்பி வரவில்லை.

"யாரு நடந்தது?" என்றார் நீதிபதி.

"ஒரு ஈ காக்கா வரலங்க. நான் கண்ணே மூடல," என்றான் காவல்காரன்.

தடம் போன திசையில் அவன் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினான். வேரில் முள் மாட்டி, சேற்றில் புதைந்து கிடந்தது ஓடிஸின் தூண்டில். மாட்டிய முள்ளை எடுக்கத் தண்ணீருக்குள் இறங்கியவனைத்தான் வடம் அடித்திருக்கிறது. நீதிபதி தடங்களைப் பற்றிப் பேசவே இல்லை. தூண்டிலை மட்டும் சாட்சியாக வைத்து, ஜார்ஜியா சட்டம்தான் என்று தீர்ப்புச் சொன்னார்.

வக்கீல் வெர்லீன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். மரக்கட்டையாய் நின்றாள்.

"அப்ப முழிச்சிட்டுதான் இருந்திருக்கான்," என்றாள். "தண்ணிக்குள்ள கெடந்து என்னைக் கூப்பிட்டிருப்பான். நான் ரேடியோவைச் சத்தமா வச்சிருந்தேன் ஜூனி."