இடது பக்க முன் சீட்

இது நடந்த கதை. நம்பாதவர்கள் அக்குறணைக்குப் போய், கராஜ் வைத்திருக்கும் ரிஸ்மியிடம், "ஸ்ரீதரனின் வெள்ளைக் கார் அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கே நின்றது?" என்று கேட்டுப் பாருங்கள். ரிஸ்மி பேச்சுக்காரன். எதைக் கேட்டாலும் நிறுத்தாமல் பேசுவான். இதைக் கேட்டால் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவான்.

ஸ்ரீதரன் கண்டி மாநகர சபையில் கிளார்க். முல்கம்பொலயில் வாடகை வீடு. இந்தக் காலத்தில் கார் வாங்குவதென்றால் காணி வாங்குவது மாதிரி. ஆனாலும் அவனுக்கு ஒரு பழைய மாருதி கிடைத்தது. அம்பிட்டிய மேட்டில் தனியாக இருந்த அன்னலட்சுமி அம்மா கொடுத்தார். அவருடைய கணவர் சண்முகநாதன், ஓய்வுபெற்ற தபால் அதிபர், முந்திய வருடம்தான் காலமாகியிருந்தார். கார் ஷெட்டில் சும்மா நின்றது.

அம்மா சொன்ன விலையைக் கேட்டு ஸ்ரீதரனே தயங்கினான். அவ்வளவு குறைவு.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும் தம்பி," என்றார் அவர். "மாசத்துல ஒரு செவ்வாய்க்கிழம ஆஸ்பத்திரில கிளினிக் இருக்கு. நெஞ்சு வருத்தம். பஸ்ல ஏறி எறங்க முடியல. அன்னக்கி மட்டும் கூட்டிட்டுப் போயி, திருப்பிக் கொண்டாந்து விட்டா போதும்."

"அதுக்கென்னம்மா. நான் இருக்கேன்."

இரண்டு மாதம் சொன்னபடி செய்தான். அம்மா பின் சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்துகொள்வார். வழி முழுக்க கணவரைப் பற்றித்தான் பேச்சு. அவர் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பாராம். எதிரே ஆள் வந்தாலும் அடிப்பாராம், வராவிட்டாலும் அடிப்பாராம். "சத்தம் போடாம போனா ரோட்டுக்கு மரியாத இல்லன்னு சொல்லுவாரு," என்று சிரிப்பார்.

மூன்றாவது மாதம் ஸ்ரீதரனுக்கு ஆசை பிடித்தது.

ஆபீஸில் பகல் சாப்பாட்டு நேரம் முழுக்கப் போனில் கார் வீடியோதான். இதே சின்ன மாருதியை ஒவ்வொருவன் எப்படி மாற்றி வைத்திருக்கிறான். கையில் இருப்பது கொஞ்சம், ஆசை நிறைய. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று ரிஸ்மியோடு உட்கார்ந்து யோசித்தான்.

"எஞ்சினுக்குக் கை வெக்க வாணாம் மச்சான்," என்றான் ரிஸ்மி. "மொதல்ல கண்ணுக்குத் தெரியிறதச் செய்வோம். அலோய் ரிம் ஒரு செட் வந்தீக்கி. பழசு, ஆனா நல்ல சாமான். அதோட சின்ன ஸ்டியரிங், வெள்ள லைட், புது ஹோர்ன். முன் சீட்ட மாத்துவோம். மிச்சத்தப் பொறகு பாப்போம்."

"எப்ப கொண்டாரணும்?"

"திங்கக்கெழம. பிந்தினா ரிம்ம வேறொருத்தன் தூக்கிட்டுப் பெய்த்திருவான்."

அந்தத் திங்களுக்கு அடுத்த நாள் செவ்வாய். கிளினிக் நாள். ஸ்ரீதரனுக்கு அது நினைவிருந்தது. நினைவிருந்துதான் காரைக் கொண்டுபோய் விட்டான். திங்கள் பின்னேரம் அம்மாவுக்குப் போன் எடுத்தான்.

"அம்மா, கார் ஸ்டார்ட் ஆகுதில்ல. எஞ்சின்ல ஏதோ பிரச்சின."



"அவரு இருக்கும்போது ஒரு நாளும் நின்னதில்லையே தம்பி…" பிறகு, "பரவால்ல. நான் பஸ்ல போயிக்கிறேன்."

கோபித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பான். 'பரவால்ல' என்ற அந்த ஒரு சொல் இரவெல்லாம் அவனைத் தூங்கவிடவில்லை.

செவ்வாய் விடிந்ததே மழையோடு. ஆபீஸில் உட்கார்ந்திருந்தாலும் மனம் அம்பிட்டிய பஸ் தரிப்பிடத்தில் நின்றது. நனைந்த சேலையோடு, மருந்துப் பையோடு, பஸ் படியில் ஏறமுடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு… வேலை ஓடவில்லை. பத்து மணிக்குப் போன் எடுத்தான். அம்மா எடுக்கவில்லை. பகலில் மறுபடியும் அழைத்தான். எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து நின்றது.

பின்னேரம் பஸ்ஸில் அக்குறணைக்குப் போனான்.

கார் பளபளவென்று நின்றது. ஆசைப்பட்ட அதே கார். ஆனால் அதைப் பார்த்ததும் வரவேண்டிய சந்தோஷம் வரவில்லை. மூலையில் ஓர் உரப்பை கிடந்தது. பழைய ஸ்டியரிங், பழைய ஹோர்ன், சண்முகநாதன் ஐயா முதுகுக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணை, எல்லாம் அதற்குள்.

"இதுகள என்ன செய்ய?" என்று கேட்டான் ரிஸ்மி.

"தேவயில்ல. எறிஞ்சிரு."

புறப்படும்போது ஆறு இருபது. மழை விடவில்லை. கண்ணாடி துடைப்பான் 'சர்ரக்… சர்ரக்…' என்று ஆடியது. புது லைட்டின் வெள்ளை வெளிச்சத்தில் ரோட்டின் ஒவ்வொரு குழியும் தெரிந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டும் வரை ஒன்றுமில்லை.

பாலத்துக்கு அப்பால் ஒரு வளைவு.

'பாம்… பாம்…'

முன்னால் வாகனம் இல்லை. பின்னாலும் இல்லை. சத்தம் அவனுடைய பொனட்டுக்குள் இருந்துதான் வந்தது. அவன் ஹோர்னைத் தொடவே இல்லை. தொட்டாலும் புது ஹோர்ன் 'பீய்ங்' என்றுதான் கத்தும். இது கனத்த, பழைய சத்தம்.

வயர் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த வளைவு.

'பாம்… பாம்…'

ஸ்ரீதரன் ரிஸ்மிக்குப் போன் எடுக்கலாம் என்று காரை ஓரம் கட்டப் பார்த்தான். கார் ஓரம் போகவில்லை. பிரேக்கை மிதித்தான். வேகம் குறைந்தது. நிற்கவில்லை. யாரோ நிதானமாக, பழகிய காலால் ஓட்டுகிற மாதிரி அது மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தது.

முதுகுக்குப் பின்னால் ஏதோ உறுத்தியது.

மெத்தென்று, இடுப்புக்கு நேராக. ஒரு சின்னத் தலையணை அளவுக்கு. கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்தான். புது சீட்டின் வழவழப்புத்தான் கையில் பட்டது. கையை எடுத்ததும் மறுபடியும் உறுத்தியது.

மஹியாவைக்கு வந்தபோது முன்னால் வெளிச்சம் குறைந்தது. வெள்ளை வெளிச்சம் மெல்ல மெல்ல மஞ்சளானது. பழைய லைட்டின் மங்கல் மஞ்சள். மழைக்குள் பத்தடி கூடத் தெரியவில்லை. ஆனாலும் கார் தடுமாறவில்லை. வழி அதற்குத் தெரிந்திருந்தது.

கைக்குள் இருந்த ஸ்டியரிங் பெரிதானது. மெலிந்தது. வேர்வை ஊறி ஊறி வழுவழுப்பான பழைய வளையம்…

டவுனுக்கு வந்தாயிற்று. அவன் முல்கம்பொலப் பக்கம் திரும்ப வேண்டும்.

'டிக்… டிக்… டிக்…'

சிக்னல் தானாக விழுந்தது. மற்றப் பக்கம்.

கார் குளக்கரை ரோட்டில் திரும்பியது. ஜன்னல் ஓரமாகக் கறுப்புத் தண்ணீர். அம்பிட்டிய ஏற்றம்தான் அடுத்தது.

"வேணாம்," என்றான் ஸ்ரீதரன். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஏற்றத்தில் கார் கியர் மாறியது. 'கடக்.' சுத்தமான, அவசரமில்லாத மாற்றம்.

கியரை மாற்றியது அவன் கை இல்லை.

அவன் குனிந்து பார்த்தான். இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

கார் ஓடிக்கொண்டிருந்தது.

அவனுக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை.

அவன் இடது பக்கம் உட்கார்ந்திருந்தான்.

வலது பக்கம்… யாரோ மூச்சு விடுகிற சத்தம்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கழுத்து கல்லாகிவிட்டது.

அப்போது பின் சீட்டில் இருந்து ஒரு குரல்.

"தம்பி…"

அவனுக்குத் தெரிந்த குரல்.

"தம்பி… ஏன் பேசாம வாறீங்க?"

வாய் திறக்கவில்லை. கண்ணில் இருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது.

"தம்பி…"

கார் நின்றது. பின் கதவு திறந்தது. மூடியது. ஈரச் சரளைக் கல்லில் செருப்புச் சத்தம். 'சரக்… சரக்…' கேட் கிறீச்சிட்டது.

பிறகு மழை மட்டும்.

கழுத்து விட்டபோது அவன் வலது பக்கம், புது ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். வெள்ளை லைட் அன்னலட்சுமி அம்மாவின் கேட்டில் அடித்தது. ஏழு ஐந்து. கேட் பூட்டியிருந்தது. பின் சீட் காய்ந்து கிடந்தது. மழையில் வந்த ஓர் ஆளும் அதில் உட்கார்ந்த மாதிரி இல்லை.

இறங்கிப் போய்க் கதவைத் தட்ட அவனுக்குத் துணிவில்லை. தட்டினால் யார் திறப்பார்கள்? யாருமே திறக்காவிட்டால்? காரைத் திருப்பிக்கொண்டு ஓடிவந்துவிட்டான்.

அன்றிரவு அவனுக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அம்மா இல்லை. பஸ்ஸிலோ, படியிலோ, ஆஸ்பத்திரி வாசலிலோ அந்த நெஞ்சு நின்றுபோயிருக்கிறது. நான்கு ரிம்முக்காக.

விடிந்ததும் பஸ்ஸில் அம்பிட்டியவுக்குப் போனான். காரைத் தொடவில்லை. வாசலில் சாவு வீட்டு வெள்ளைக் கொடி கட்டியிருக்கும் என்று எதிர்பார்த்தே மேட்டில் ஏறினான்.

அன்னலட்சுமி அம்மா பூச்சட்டிகளுக்கு நடுவே குனிந்து நின்று சருகு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஸ்ரீதரன் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான்.

"ஐயோ, என்ன தம்பி இது, உள்ள வாங்க," என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். கதிரையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். கை சூடாக இருந்தது. உயிருள்ள கை.

"அம்மா, என்ன மன்னிச்சிருங்க. நான் பொய் சொன்னேன். கார்ல ஒரு பிரச்சினயும் இல்ல."

"தெரியும் தம்பி. அதான் கார் வந்துச்சே."

ஸ்ரீதரன் தேநீரைக் கீழே வைத்தான்.

"என்ன வந்துச்சு?"

"நேத்து காலையில பஸ்ஸுக்குப் போக எறங்கினேன். நம்ம கார் கேட்டுக்கிட்ட நிக்கிது. ஆஸ்பத்திரில விட்டுட்டு, பகல் வரைக்கும் காத்திருந்து, திருப்பிக் கொண்டாந்து விட்டீங்க. என் போன் வீட்டுலயே கெடந்துச்சு, மறந்துட்டுப் போயிட்டேன்."

"நான் ஆபீஸ்ல இருந்தேன்மா…"

"நீங்க முன்னால எடது பக்கம் உக்காந்திருந்தீங்க. ஏன் பேசாம வாறீங்கன்னு கேட்டேன். மூணு தரம் கூப்பிட்டேன். நீங்க திரும்பவே இல்ல. எம்மேல கோவமாக்கும்னு நெனச்சேன்."

அவன் வெளியே போய் ரிஸ்மிக்குப் போன் எடுத்தான்.

"நேத்து பகல் கார் எங்க நின்னுச்சு?"

"இங்கதான். நாலு டயரும் இல்லாம கல்லு மேல ஈந்திச்சி. ரிம்ம பூட்டினதே பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகுதானே. ஏன் மச்சான்?"

ஸ்ரீதரன் போனை வைத்துவிட்டான். உள்ளே வந்தபோது அம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவனுடைய முகத்தைப் பார்த்தும் அவர் பயப்படவில்லை.

"ஓட்டினது ஆருன்னு பாத்தீங்களாம்மா?"

"பின்னுக்கு இருந்து கழுத்து மட்டுந்தான் தெரிஞ்சிச்சு." அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். "நான் ஒண்ணும் கேக்கல. கேட்டா நிப்பாட்டிருவாரோன்னு இருந்துச்சு. எறங்கும்போது அவராத்தான் சொன்னாரு. 'தம்பி வந்தா தம்பியோட போ. வரலன்னா நான் தம்பியக் கூட்டிட்டு வாறேன்'னு."

சுவரில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீதரன் அவசரமாக எழுந்தான்.

"இனி ஒரு மாசமும் தவற மாட்டேன்மா. சத்தியமா நான் வருவேன்."

அன்னலட்சுமி அம்மா கேட் வரைக்கும் கூட வந்தார். எதையோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, மறுபடியும் தொடங்கினார். அந்த வயதில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை அவன் பார்த்ததில்லை.

"அடுத்த மாசம் உங்களுக்கு வேல கீல இருந்தா… வராமலே இருங்க தம்பி. பரவால்ல."