மிசாவோவின் வண்டியில் ஒட்டிய இலை

மிசாவோவுக்கு எழுபத்தெட்டு வயது. எழுபதைத் தாண்டியவர்கள் ஓட்டும் வண்டி என்று காட்ட அரசாங்கம் கொடுத்த ஆரஞ்சு, மஞ்சள் இலை ஸ்டிக்கர் அவள் காரின் பின்னால் இன்னும் இருக்கிறது. ஊரே அதைச் சருகு என்று கேலி செய்ததால், அரசாங்கமே வேறு அழகான படமாக மாற்றிவிட்டது. மிசாவோ மட்டும் மாற்றவில்லை.

"சருகாகப் போற இலையைப் பாக்கத்தானே வருஷா வருஷம் நம்ம மலைக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கிட்டு வர்றானுங்க? என் வண்டியில இருந்தா மட்டும் கண்ணை உறுத்துதாமா?" என்பாள்.

அவள் லைசென்ஸ் எடுத்தது நாற்பத்தொன்பது வயதில். அதுவரை ஒவ்வொரு நவம்பரிலும் சிவந்த இலை பார்க்கக் கமாதோரி மலைக்குப் புருஷன்தான் ஓட்டுவார். இவள் மடியில் சாப்பாட்டு டப்பாக்கள், கையில் பிளாஸ்டிக் பை. பின்சீட்டில் மகன் ஷூஜி வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பான். மலையே பற்றி எரிகிற மாதிரி சிவந்து கிடந்ததாம். அவள் பார்த்ததெல்லாம் ஷூஜியின் வாயைத்தான். ஒருநாள் ஆத்திரம் பொங்கிப் போய்ப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். நாலு முறை தோற்றாள். புருஷன் விழுந்து விழுந்து சிரித்தார். ஐந்தாம் முறை லைசென்ஸை அவர் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்று அவர் சிரிக்கவில்லை.

அவர் போன பிறகும் ஓர் இலையுதிர் காலத்தைக்கூட அவள் விட்டதில்லை.

இந்த ஆகஸ்டில் வீட்டு வாசல் தூணில் காரை உரசிவிட்டாள். அதைக் கேட்டதும் டோக்கியோவிலிருந்து ஷூஜி விண்ணப்பத்தோடு வந்து நின்றான். லைசென்ஸைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தால் பஸ்ஸில் பாதிக் கட்டணச் சலுகை அட்டை கொடுப்பார்களாம்.

"எந்த பஸ்ஸுடா? நம்ம ஊருக்கு வர்றதை நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு."

"அம்மா, தூண்ல இடிச்சியா இல்லையா?"

"இடிச்சேன். இல்லேன்னு சொன்னேனா? இருட்டுல ஓட்டுறதை நானேதான் விட்டேன், மழையில ஓட்டுறதையும் நானேதான் விட்டேன். எதை எப்ப விடணும்னு எனக்குத் தெரியும்."

நவம்பரில் திரும்பவும் வந்தவன், கடைசியாக ஒருமுறை மலைக்குப் போய்விட்டு, திரும்பும்போது ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றான். "நான் ஓட்டுறேன். நீ நிம்மதியா இலையைப் பாத்துக்கிட்டு வா." அவள் சோற்று உருண்டை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துச் சீட்டில் ஏறினாள். பழைய இடம்.

ஒன்பதாவது வளைவில் மேலிருந்து சுற்றுலா பஸ் ஒன்று இறங்கி வந்தது. ஒதுங்க இடம் இரண்டு வளைவு கீழே. ஏறும் சின்ன வண்டிதான் பின்வாங்க வேண்டும். அந்த மலையில் அதுதான் வழக்கம். டோக்கியோவில் ரயிலிலேயே போய்வருகிற ஷூஜி ரிவர்ஸ் கியரைத் தேடினான். வண்டி குலுங்கி நின்றுபோனது. இடப்பக்கம் பள்ளம்.

"இறங்குடா."

"அம்மா, வேணாம்…"

"பஸ்ல நாப்பது பேரு உன்னைத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க. இறங்கு."

டப்பாவைச் சீட்டில் வைத்துவிட்டு வந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பின்கண்ணாடியில் மேப்பிள் மரங்கள் கிளை கிளையாகச் சிவப்பு. அதன் நடுவே தார்ச்சாலை. அவசரமில்லாமல் இரண்டு வளைவையும் பின்னோக்கியே இறங்கி, ஒதுங்கும் இடத்தில் நிறுத்தினாள். கடந்து போகும்போது பஸ் டிரைவர் வெள்ளைக் கையுறையைத் தொப்பியில் வைத்துத் தலை குனிந்தார்.

ஷூஜி மூச்சிரைக்க நடந்து வந்தான். அவள் சீட்டை விட்டு எழவில்லை. அவன் சுற்றிப்போய்ப் பக்கத்துக் கதவைத் திறந்து, டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மெதுவாகச் சொன்னான்.

"ஸ்டேஷன்ல கவுன்டரை அஞ்சு மணிக்கு மூடிருவாங்கம்மா."

"மூடட்டும்." கியரைப் போட்டாள். "விழுற நேரம் வந்தா நானே விழுவேன். நீ மரத்தைப் பிடிச்சு உலுக்காதே."

வண்டி மேலே ஏறியது. பதினோராவது வளைவில் ஷூஜியின் முகம் வெளுத்தது.

"முன்னாடி டாஷ்போர்டுக்குள்ள பிளாஸ்டிக் பை இருக்கு," என்றாள், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எடுத்துக்க."