எதிரில் வருகிறவன் கண்ணுக்கு ஒரு பல்பு

காரில் ஒரு ஹெட்லைட் போய்விட்டது. கார் கம்பெனி கொடுத்த புத்தகத்தில் போட்டிருந்த அதே வாட்ஸ் மஞ்சள் பல்பைக் கேட்டு இன்று பட்டுக்கோட்டையில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் அதை எடுக்கவே இல்லை. வெள்ளை எல்இடி ஒன்றை நீட்டினார்.

“இதப் போடுங்க சார். எதிர்ல வர்றவன் தானா ஒதுங்குவான்.”

“ஒதுங்கி எங்கங்க போவான்? பாதி ரோட்டுல நெல்லு காயுது.”

“அது அவன் பாடு சார்.”

போன வாரம் அந்த ‘அவன்’ என் தம்பி. இப்படி ஒரு வெளிச்சம் கண்ணில் அடிக்க, பைக்கை ஓரம் ஒதுக்கினான். எங்கள் நெல்லைச் சுற்றி நாங்களே வைத்திருந்த கல்லில் ஏறி விழுந்தான். இரண்டு இடத்தில் கால் உடைந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

சண்டை போட்டுத்தான் அந்த மஞ்சள் பல்பை வாங்கினேன். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்த் தம்பியிடம் பெருமையாகச் சொன்னேன்.

கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “ஏண்ணே, அந்த வெள்ளையவே வாங்கியிருக்கலாம்ல? நம்ம கண்ணுல அடிச்சாங்கள்ல, நாமளும் அடிப்போம்.”

கடைக்காரரிடம் போட்ட சண்டையை இவனிடம் போட முடியவில்லை.

இந்தப் பக்கம் இன்னும் மஞ்சள் பல்போடு ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். உங்களையாவது கண்ணைத் திறந்துகொண்டு கடந்து போகிறேன்.