பனி விழுமுன் கொட்டகைக்கு வந்த வண்டி

ஆர்டிஸ் லிண்ட்கிரென் பனி வாரும் லாரி ஓட்டுகிறவள். அமெரிக்காவில், சுபீரியர் ஏரியின் வடகரையில் இருபத்தாறு குளிர்காலம் அந்த லாரியிலேயே கழிந்தது. யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும், யாருக்கு நெஞ்சு வலித்தாலும், ஆம்புலன்ஸுக்கு முன்னால் அவள் லாரிதான் பனியை ஒதுக்கி வழி செய்துகொண்டு போகும். சின்ன வயதில் ஒரு கல்யாணம் நடந்து நான்கே வருடத்தில் முறிந்தது. அதைப் பற்றி அவள் வாயைத் திறப்பதில்லை. பனி உருகிவிட்டால் மோட்டார் சைக்கிள். மே முதல் அக்டோபர் வரை ஒரு ஞாயிறு தவறாது.

அந்த ஞாயிறுகளில் கூடவே வருகிறவன் ரெய்னோ மாகெலா. மர ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மனைவியை இழந்தவன். குளிர் தொடங்கியதும் டெக்ஸாஸில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். மாடியில் வாடகைக்கு இருந்ததால் அவன் மோட்டார் சைக்கிளை நிறுத்த இடம் இல்லை. ஆர்டிஸின் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவான். பதினோரு வருடமாக அப்படித்தான்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை அதற்கென்றே இருந்தது. டாங்கில் விளிம்புவரை பெட்ரோல் நிரப்பி, அது கெடாமலிருக்க மருந்து ஊற்றுவார்கள். பழைய ஆயிலை வடித்துப் புதியது விடுவார்கள். பேட்டரியைக் கழற்றி அவள் சமையலறை அலமாரியில் வைப்பார்கள். எலி புகாதபடி சைலென்சர் வாயில் இரும்பு நாரை அடைப்பது ரெய்னோவின் வேலை. பிறகு இரண்டு வண்டிகளுக்கும் சேர்த்து ஒரே தார்ப்பாயைப் போர்த்துவார்கள். பனிக்காலம் முழுவதும் லாரியை விட்டு வந்தவுடன் ஆர்டிஸ் கொட்டகைக் கதவைத் திறந்து ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவாள். வண்டி இங்கே இருக்கும்வரை அவன் திரும்பி வருவான் என்பது அவள் கணக்கு.

இந்த வருடம் ரெய்னோ வண்டியை ஓட்டி வரவில்லை. காருக்குப் பின்னால் இழுவண்டியில் ஏற்றிக் கட்டி வந்தான். ஆர்டிஸ் கையில் ஆயில் வடிக்கும் தட்டோடு நின்றாள்.

மகளுக்கு இரட்டைக் குழந்தை, மருமகன் கப்பல் வேலையில் போய்விட்டான், இனி அங்கேயே இருக்கவேண்டியதுதான் என்று அவன் சொன்னான். வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. சொல்லிக்கொண்டு போகத்தான் வந்தான்.

"அங்க வண்டிய மூடியே வைக்க வேணாமாம். ஜனவரியிலகூட ஓட்டலாம்னு சொல்றாங்க" என்றான்.

"அப்ப எலிங்களுக்குத்தான் கஷ்டம்" என்றாள் ஆர்டிஸ்.

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வந்ததுதான் வந்தாய், வண்டியை இறக்கு, கலங்கரை விளக்கம்வரை ஒரு சுற்றுப் போய்வரலாம் என்றாள். வானம் ஈயம் பூசியதுபோல் இருந்தது. மாலைக்குள் பனி வரும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? போனார்கள். ஏரிக்காற்று கையுறையைத் துளைத்து விரல்களை மரக்கவைத்தது. பூர்ச்ச மரங்களில் இலையே இல்லை. அவன் முன்னால் போக, அவன் முதுகைப் பார்த்தபடியே அவள் ஓட்டினாள்.

கலங்கரை விளக்கத்தடியில் குடுவைக் காப்பியைப் பகிர்ந்து குடித்தார்கள். மூடியைத் திருகிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் ஆர்டிஸ் சொன்னாள்:

"குளிர்காலத்துலயும் நீ இங்கயே இருந்திருக்கலாம். என் வீட்டுலதான் இடம் இருக்கே."

ரெய்னோ கையுறையை மாட்டிக்கொண்டான்.

"பதினோரு வருஷமா கொட்டகைய மட்டுந்தானே காட்டின" என்றான்.

"நீயும் கேக்கல."

"இல்ல. நானும் கேக்கல."

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? குழந்தைகள் பிறந்துவிட்டன, மகள் தனியாக இருக்கிறாள். திரும்பும் வழியிலேயே பொடிப்பனி தூவத் தொடங்கியது. இருவருமாக வண்டியை மறுபடி ஏற்றிப் பட்டை இழுத்துக் கட்டினார்கள். அவன் அவள் கன்னத்தை ஒரு முறை தொட்டான். கை ஐஸாக இருந்தது. அன்று இரவே அவளை லாரிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்தக் குளிர்காலம் நீளமானது. ஞாயிறுதோறும் ரெய்னோ போன் செய்தான். குழந்தைகள் அழும் சத்தத்துக்கு நடுவே பேச்சு பாதிக்குப் பாதிதான் காதில் விழும். பிப்ரவரியில் லீவு போட்டுப் போக நினைத்தாள். கூட ஓட்டும் லாரிக்காரன் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டான். லீவு போயிற்று.

மார்ச்சில் அவன்தான் ஒரு யோசனை சொன்னான். கான்ஸாஸில் ஒரு சின்ன ஊர். இரண்டு பேருக்கும் இரண்டு நாள் ஓட்டம். மே மாதம் முதல் வாரம் அவள் தெற்கே போனாள், அவன் வடக்கே வந்தான். விடுதி வாசலில் அவன் வண்டி ஏற்கெனவே நின்றிருந்தது. இரண்டு நாள் கோதுமை வயல்களுக்கு நடுவே சேர்ந்து ஓட்டினார்கள். மூன்றாம் நாள் காலை ஒரே பெட்ரோல் பங்க்கில் டாங்கை நிரப்பிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் பிரிந்தார்கள்.

அடுத்த மே மாதத்துக்கும் அதே அறையைச் சொல்லிவைத்துவிட்டுத்தான் வந்தாள். ஓய்வு பெற ஆர்டிஸுக்கு இன்னும் மூன்று குளிர்காலம் பாக்கி இருந்தது.