ஓட்டைக்காகவே ஒரு முலாம்

திருவண்ணாமலை தேரடிப் பக்கம் சாமி கவசங்களுக்கு முலாம் பூசுபவர் அவர். கட்டை மீசை, அமிலம் பட்டு மஞ்சளித்த விரல்கள். பூசி முடித்த எதையும் முகத்தருகே பிடித்து இளிப்பார். அதில் பல் பளிச்சென்று தெரிந்தால்தான் வேலை முடிந்தது.

எங்கள் ஆய்வகத்தில் மின்சாரத்தால் உலோகம் பூசும் கருவி பழுதாகிவிட்டது. மறுநாள் மாதிரியைக் காட்டாவிட்டால் என் ஆய்வே நின்றுவிடும். நகைகளுக்கென்று அவர் வைத்திருந்த சின்னக் கருவியைக் கேட்டுப் போனேன்.

"இன்னா பண்ணப் போறே?"

கொழுப்புப் படலத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத நீர்வழிகள் தானாக அமையும். அவற்றில் பிளாட்டினத்தை வளர்த்து, கொழுப்பைக் கழுவிவிட்டால் உலோகமெங்கும் நுண்துளைகள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அடப்பாவி! முலாம்ல ஒரு ஓட்டை வரக்கூடாதுன்னு சாமி கும்பிட்டுக் கடை தொறக்கறேன். நீ ஓட்டை போடவே படிக்கிறியா?"

"ஓட்டை ஜாஸ்தின்னா வேலை செய்யற பரப்பும் ஜாஸ்திண்ணே. கம்மி உலோகமே போதும்."

சிரித்தபடி கருவியைத் துடைத்துக் கொடுத்தார். அங்கேயே செய்தேன், மாதிரி அருமையாக வந்தது. கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என் கடையில பண்ணதுன்னு மட்டும் எங்கயும் சொல்லிடாத. அப்பறம் எவனும் கவசம் குடுக்க மாட்டான்."

என் ஆய்வுக் கட்டுரையின் நன்றியுரையில் சோதனைக்குழாய் கழுவியவர் பெயர்கூட இருக்கிறது. முலாம் பூசும் அண்ணன் பெயர் மட்டும் இல்லை.