இஸ்தான்புல் பேத்திக்கு ஒரு பெயர்

பர்மாவின் பசுந்தாங்கில் ஒரு டீக்கடை. நான் தொலைபேசியில் பேசிய தமிழைக் கேட்டு, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் காசிம் பாய் எதிரே வந்து உட்கார்கிறார். இஸ்தான்புல்லில் இருக்கும் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மருமகன் துருக்கிக்காரர். சீக்கிரமே மூவரும் லண்டன் போய்விடுவார்கள். இரண்டு ஊருக்கும் பொருந்துகிற பெயராக அத்தாவே பார்த்துச் சொல்லட்டும் என்று மகள் கேட்டிருக்கிறாள்.

"எம் பொஞ்சாதி மௌத்தாயி ரெண்டு வருசம் ஆச்சு, தம்பி. அவ பேரு ஜமீலா. அதையே வைக்கலாமுன்னு நெனச்சேன்."

"நல்ல பெயர்தானே, பாய்?"

"துருக்கியில ஜ-வுக்கு இங்கிலீஷ் 'சி' எழுத்தப் போட்டு, சி-இ-எம்-ஐ-எல்-இன்னு எழுதுவாங்களாம். லண்டன்ல அதப் படிச்சா செமைல்னு ஆயிருமாம்."

தாளில் பர்மிய எழுத்தில் ஏழெட்டுப் பெயர்களை எழுதி அடித்திருக்கிறார். அடிக்காதது ஒன்றுதான். தொண்டையைச் செருமிக்கொண்டு கைபேசியில் குரலைப் பதிகிறார்.

"சாரான்னு வையிம்மா. ரெண்டு ஊருலயும் சரியாச் சொல்லுவாங்க. அம்மா பேரு வேணாம். அத யாரும் தப்பாக் கூப்புட வேணாம்."

கொஞ்ச நேரத்தில் மகளின் பதில் வருகிறது. "ரொம்பப் பிடிச்சிருக்கு, அத்தா" என்கிறாள். பின்னால் குழந்தை அழுகிறது. மகள் பேசி முடித்த இடத்திலிருந்து அந்த அழுகையை மட்டும் மூன்று முறை கேட்கிறார்.

நான் பையை எடுத்துக்கொண்டு எழுகிறேன்.

"வீட்டுல போயி இத யாருகிட்டச் சொல்றது?" என்கிறார் என்னைப் பார்க்காமல்.

என் விடுதி அறையிலும் யாருமில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு இன்னும் இரண்டு டீ சொல்கிறேன்.